கைகூப்பாத பிள்ளையும் அரசுப் பள்ளியும்

வாசகர் கேள்வி:

நானும் என் கணவரும் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். வீட்டில் சாமி படம் கிடையாது. கோயில், சர்ச், மசூதி எதற்கும் போகிற வழக்கமும் இல்லை. மகள் எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முதல் நாள் வகுப்பில் பூஜை வைத்தார்கள். ஆளுக்கு 20 ரூபாய் வசூல். இவளும் கொடுத்துவிட்டாள். ஆனால் சூடம் காட்டும்போது கைகூப்பாமல் வராந்தாத் தூண் பக்கம் போய் நின்றிருக்கிறாள். வகுப்பு ஆசிரியை எல்லார் முன்னாலும், "நீங்க என்ன வேதக்காரங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல மிஸ், எங்களுக்கு மதம் இல்ல" என்றாளாம். "அப்படி ஒரு ஆளு உலகத்துலயே கிடையாது" என்று பதில் வந்திருக்கிறது. பொரிகடலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று நாளாக அது பையிலேயே கிடந்தது. "இத சாப்பிடலாமாம்மா?" என்று நான்காம் நாள் கேட்டாள்.

இன்னொன்று. பள்ளிப் பதிவில் மதம் 'இந்து' என்று அவர்களாகவே போட்டிருக்கிறார்கள். மாற்றச் சொன்னால், கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்கிறார்கள். என் கணவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், முகநூலில் எழுத வேண்டும் என்கிறார். மகளோ "வேண்டாம்மா, விட்டுருங்க" என்று அழுகிறாள். எங்களைப் போன்றவர்களுக்கு உரிமை என்று ஏதாவது உண்டா? உண்டென்றால் எப்படிக் கேட்பது?

ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பொரிகடலை. தாராளமாகச் சாப்பிடட்டும். நான்கு நாளாகியிருந்தால் நமுத்துப் போயிருக்கும், அவ்வளவுதான். அவள் மறுத்தது கைகூப்புவதை, பக்கத்தில் உட்காரும் தோழிகளோடு பகிர்ந்து தின்பதை அல்ல. இந்த வேறுபாட்டை அவளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்கிற பயம் வந்துவிடும். அந்தப் பயம் வேண்டாம் என்றுதானே நீங்கள் இப்படி ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

உரிமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. யாரும் புதிதாகத் தர வேண்டியதில்லை. 1950-இலிருந்து அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது.

பிரிவு 28-ஐ உங்கள் கணவரும் நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். சின்னதுதான், மூன்று உட்பிரிவுகள். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. மத போதனை நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு யாரோ ஏற்படுத்திய அறக்கட்டளையின் கீழ் தொடங்கி, இப்போது அரசு நிர்வகிக்கும் நிலையங்களுக்கு இரண்டாவது உட்பிரிவு விலக்குத் தருகிறது. உங்கள் மகளின் பள்ளி அந்த வகையில் வராது. மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்த நிலையத்திலும், அங்கே நடக்கும் மத போதனையில் பங்கேற்கவோ வழிபாட்டுக்கு வரவோ எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் சம்மதித்தால்தான் உண்டு. சிறுவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். பிடிக்காதவர்கள் விண்ணப்பம் போட்டு விலகிக்கொள்ளலாம் என்று அது சொல்லவில்லை. சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்தாதே என்று பள்ளியைப் பார்த்துச் சொல்கிறது. விளக்கம் சொல்ல வேண்டியது தூண் ஓரம் நின்ற உங்கள் பிள்ளை அல்ல. நடைமுறையில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்பது எனக்கும் தெரியும். வழக்கறிஞர் தொழிலுக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் நானே பள்ளியில் பாடம் நடத்தினேன். எத்தனையோ பூஜைகளுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு பெற்றோரிடமும் சம்மதம் கேட்டதில்லை. அப்படி ஒன்று கேட்க வேண்டும் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகளின் ஆசிரியைக்கும் தோன்றியிருக்காது.

இந்தப் பிரிவு எதற்காக வந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1948 டிசம்பர் 7 அன்று அரசமைப்பு அவையில் இதன் வரைவு விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் சொன்ன காரணங்களில் ஒன்று வரிப்பணம் பற்றியது. எல்லாரிடமும் வசூலிக்கும் வரியை ஒரு சமூகத்தாரின் மதத்துக்காகச் செலவிடக் கூடாது என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தைப் போதிக்க முடியாது என்றார். நாட்டில் மதங்கள் பல, ஒவ்வொன்றும் தான் சொல்வதே உண்மை என்கிறது, வகுப்பறைக்குள் அவற்றை மோதவிடக் கூடாது என்பதும் அவருடைய வாதம். உங்கள் ஊர்ப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பள்ளிவாசல் தெருக்காரரின் வரியும் இருக்கிறது, தேவாலயத்துக்குப் போகிறவரின் வரியும் இருக்கிறது, உங்கள் கணவருடையதும் இருக்கிறது.

'மதச் சுதந்திரம் மதம் உள்ளவர்களுக்குத்தானே?' என்று யாராவது கேட்பார்கள். பிரிவு 25 மதத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்வதற்கு முன்பே மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. எந்த மதமும் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதுவும் மனச்சான்றின் முடிவுதான். 2014 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எந்த மதத்தையும் சாராதவன் என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, எந்தப் படிவத்திலும் மதத்தைக் குறிப்பிடுமாறு அரசு கட்டாயப்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. 'அப்படி ஒரு ஆளு உலகத்துலயே கிடையாது' என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 28 லட்சத்து 67 ஆயிரம் பேர் மதத்தைக் குறிப்பிடாதவர்கள். 33,304 பேர் நாத்திகர் என்றே எழுதியவர்கள். சுயமரியாதை இயக்கம் 1925-இல் தொடங்கி வளர்ந்த ஊரில் இந்த எண்ணிக்கையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கைகூப்புவது பற்றியே ஒரு தீர்ப்பு இருக்கிறது. நாசிக்கில் ஒரு பள்ளி ஆசிரியர், காலைப் பிரார்த்தனையின்போது அமைதியாக நிற்பார், கைகூப்ப மாட்டார். ஒழுங்கீனம் என்று சொல்லி ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். 2013-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிரார்த்தனையில் கைகூப்பும்படி கட்டாயப்படுத்துவது அடிப்படை உரிமையை மீறுவதாகும் என்றது. வேலை பார்க்கிற ஒரு பெரியவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டென்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இல்லாமல் போகுமா?

அதற்கும் முந்தையது கேரள வழக்கு. 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், ஆனால் பாடவில்லை என்பது குற்றம். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அந்தப் பிள்ளைகள் ஆழ்ந்த மதநம்பிக்கை உள்ளவர்கள், உங்கள் குடும்பத்துக்கு நேர் எதிர்த் துருவம். ஆனால் உங்கள் மகளைக் காப்பாற்றும் தீர்ப்புகளில் அவர்களுடையதும் ஒன்று. நீதிமன்றம் பார்த்தது இரண்டைத்தான்: நம்பிக்கை உண்மையானதா, நடத்தை மரியாதையானதா.

இந்த இரண்டாவது விஷயத்தை உங்கள் மகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே சரியாகச் செய்திருக்கிறாள். கேலி செய்யவில்லை, பூஜையைக் கெடுக்கவில்லை, ஒதுங்கி நின்றாள். கேட்டபோது உண்மையைச் சொன்னாள். 'நீ நடந்துகொண்ட விதம் சரி' என்று அவளிடம் வாய்விட்டுச் சொன்னீர்களா? சொல்லாமல் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

இனி, பள்ளியில் பூஜையே கூடாது என்று நிறுத்த முடியுமா? உங்கள் கணவரின் கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது நியாயமான கோபம். அரசுப் பள்ளி வகுப்பறையில், பாட நேரத்தில், பிள்ளைகளிடம் காசு வசூலித்துப் பூஜை நடத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் வழக்கறிஞராக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் உட்பிரிவில் இருக்கும் சொல் 'மத போதனை'. வழிபாடு என்ற சொல் மூன்றாவதில்தான் வருகிறது. அதனால் 'நாங்கள் எதையும் போதிக்கவில்லை, விழாவாகக் கொண்டாடுகிறோம், இது மரபு' என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் காலையில் நடக்கும் பிரார்த்தனையை எதிர்த்து மத்தியப் பிரதேச வழக்கறிஞர் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, இது அரசமைப்பு அமர்வு பார்க்க வேண்டிய கேள்வி என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அவ்வளவு கனமான கேள்வி அது. உங்கள் மகளுக்கு விலக்குக் கேட்பது அப்படியல்ல. அதில் சட்டம் ஐயத்துக்கு இடமில்லாமல் உங்கள் பக்கம் இருக்கிறது. எனவே இந்த இரண்டையும் ஒரே மனுவில் கட்டாதீர்கள். பூஜையை நிறுத்துவது பெரியவர்கள் பெரியவர்களோடு பேச வேண்டியது. அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நீங்களே உறுப்பினராகலாம். உங்களைப் போலவே மனதுக்குள் சங்கடப்படும் முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் அங்கே நிச்சயம் இருப்பார்கள். பக்தி உள்ள, ஆனால் பள்ளியில் எதற்கு என்று நினைக்கிற இந்துப் பெற்றோரும் இருப்பார்கள்.

பாடப்புத்தகத்துக்கு இந்த விலக்கைக் கேட்காதீர்கள். மதத்தைப் பற்றிப் படிப்பது வேறு, மதத்தைப் படிப்பது வேறு. குருநானக்கின் வாழ்க்கையையும் போதனையையும் ஆய்வாகப் படிப்பது மத போதனை ஆகாது என்று 1971-இல் ஒரு பஞ்சாப் வழக்கிலும், பல மதங்களைப் பற்றிய அறிவைப் பாடத்திட்டத்தில் வைக்கலாம் என்று 2002-இல் அருணா ராய் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள். தமிழ்ப் பாடத்தில் தேவாரமும் வரும், சீறாப்புராணமும் வரும், தேம்பாவணியும் வரும். அவற்றை ரசித்துப் படிக்காத தமிழ்ப் பிள்ளைக்கு மொழியில் பாதி கைவிட்டுப் போகும். நம்பாமலும் ஒரு பாட்டின் அழகில் சொக்கிப் போகலாம் என்பதை வீட்டில் நீங்கள்தான் காட்ட வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி வாசிப்பு எல்லாவற்றிலும் அவள் முன்வரிசையில் நிற்கட்டும்.

போதனை எது, பாடம் எது என்பதில் நம் மாநிலமே அண்மையில் ஒரு பெரிய பாடம் படித்தது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு ஊக்கமூட்டும் உரை என்ற பெயரில் ஓர் ஆன்மிகப் பேச்சாளர் வந்தார். மாற்றுத்திறனோடு பிறப்பதற்கு முற்பிறவியில் செய்த பாவம் காரணம் என்ற வகையில் மாணவிகளிடம் பேசினார். அங்கேயே எழுந்து கேள்வி கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த அன்பில் மகேஸ் பொய்யாமொழி பள்ளிக்கே வந்து அந்த ஆசிரியரைப் பாராட்டினார். பேச்சாளர் கைது செய்யப்பட்டார். வெளியாட்களை யார் அனுமதிப்பது என்ற பேச்சு எல்லாப் பள்ளிகளிலும் எழுந்தது. உங்கள் தலைமையாசிரியருக்கும் அது நினைவிருக்கும். நீங்கள் போய்ப் பேசும்போது அவர் செவிகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்து, பதிவேட்டில் மதம். இதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. பள்ளியில் சேர்க்கும்போதும் மாற்றுச் சான்றிதழிலும் சாதி, மதம் என்ற இடங்களைப் பெற்றோர் விரும்பினால் காலியாக விடலாம், அல்லது 'சாதி இல்லை, மதம் இல்லை' என்று எழுதலாம் என்பதற்கு 1973 ஜூலை 2 தேதியிட்ட கல்வித் துறை அரசாணை 1210 இருக்கிறது. 2000 ஜூலை 31 தேதியிட்ட அரசாணை 205 அதை மீண்டும் வலியுறுத்தியது. ஐம்பது ஆண்டைத் தாண்டிய ஆணை, ஆனால் பல அலுவலகங்களில் அதைப் பார்த்தவர்களே இல்லை. இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். கணினியில் இடமில்லை என்பது பதிலாகாது. மென்பொருளில் ஒரு பெட்டி இல்லை என்பதற்காக அரசாணை செல்லாமல் போய்விடாது. பள்ளி அளவில் முடியவில்லை என்றால், முடியவில்லை என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதை வைத்து மேலே போகலாம்.

ஆனால் பேனாவை எடுக்கும் முன் ஒரு நாள் யோசியுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன், சிலருக்குப் பிடிப்பதில்லை. பள்ளிப் பதிவில் மதம் இல்லை என்று எழுதுவது வேறு, சாதிச் சான்றிதழை விட்டுக்கொடுப்பது வேறு. இட ஒதுக்கீடு வருவாய்த் துறை தரும் சாதிச் சான்றிதழை வைத்துத்தான். அந்தச் சான்றிதழில் சாதிப் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் 'இந்து' என்றுதான் இருக்கும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் பின்னாளில் விளக்கம் கேட்பார்கள். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்த குடும்பம் என்றால் இன்னும் கவனம் தேவை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதங்கள் தவிர வேறு மதத்தைச் சார்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். மதமே இல்லை என்று எழுதுவதை ஓர் அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை உங்கள் மகளின் மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வு நாளில் சோதித்துப் பார்க்க வேண்டாம். சாதியால் இழந்ததை ஈடுசெய்ய வந்த உரிமை அது. சாதியை மறுப்பவர் அதைப் பெறுவதில் முரண் எதுவும் இல்லை. கொள்கைக்காக அதையும் விட்டுவிடத் துணிகிறவர்கள் உண்டு. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2010-இலிருந்து அலைந்து 2019 பிப்ரவரியில் 'சாதி, மதம் அற்றவர்' சான்றிதழ் வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும், கேட்பவருக்கு அத்தகைய சான்றிதழ் தர வருவாய்த் துறைக்கு அறிவுறுத்தும்படி அரசுக்குச் சொன்னது. அவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் சினேகா அந்த முடிவை வளர்ந்த பெண்ணாகத் தனக்காக எடுத்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்காக நீங்கள் எடுக்கப் போவது வேறு வகை முடிவு. மதம் என்ற இடத்தை இப்போது காலியாக விடச் சொல்லிக் கேளுங்கள். மற்றதை அவளுக்குப் பதினெட்டு ஆகும்போது அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

இடையில் ஒரு தகவல். உங்கள் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது, 1967-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம். அது எந்தச் சட்டத்தில் சேர்ந்தது தெரியுமா? இந்துத் திருமணச் சட்டத்தில், 7அ என்ற பிரிவாக. ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், தீ வேண்டாம் என்றது அந்தப் பிரிவு. இருந்தாலும் அது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணம் பற்றியது. எனவே சட்டத்தின் சில ஏடுகளில் நீங்கள் 'இந்து' என்றுதான் இருப்பீர்கள். பள்ளிப் பதிவில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று எண்ண வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எப்படிக் கேட்பது? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை மகனை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். உங்களுடையதைப் போன்ற பிரச்சினைதான். அதற்குள் அவர் எல்லா அதிகாரிகளுக்கும் மனு அனுப்பிவிட்டார், பத்திரிகையிலும் வந்துவிட்டது. அவர் ஒரு மணி நேரம் சட்டம் பேசினார், எல்லாம் சரியாகவே பேசினார். பையன் பெஞ்சில் உட்கார்ந்து என் மேஜையிலிருந்த ஒரு பழைய டைரியின் தாள் முனைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தான். அப்பா வெளியே போன் பேசப் போனபோது மெதுவாகச் சொன்னான்: "சார், கேஸ் எல்லாம் வேண்டாம். என்னை வேற ஸ்கூல்ல சேத்துட்டா போதும்." வழக்கில் ஜெயித்திருப்போம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பையன் தினமும் காலை எட்டே முக்காலுக்கு அந்த வாசலில் நுழைய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இப்படிப்பட்ட வழக்குகளில் பிள்ளையைத் தனியாக ஐந்து நிமிடம் பார்க்காமல் நான் காகிதத்தில் கைவைப்பதில்லை.

உங்கள் மகள் 'விட்டுருங்க' என்கிறாள். எதை விடச் சொல்கிறாள் என்று கேட்டீர்களா? கைகூப்பிவிடுகிறேன் என்கிறாளா, அல்லது இதைப் பற்றி யாரும் என்னிடம் பேசக் கூடாது என்கிறாளா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். மனச்சான்றுச் சுதந்திரம் பிள்ளைக்கும் உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. அந்தச் சுதந்திரத்தில் உங்களிடமிருந்து வேறுபடும் உரிமையும் அடக்கம். நாளை தோழிகளோடு சேர்ந்து அவளே கைகூப்பினாலும் வீட்டில் அவளை யாரும் குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. உங்கள் கணவரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முகநூல் வேண்டவே வேண்டாம். ஊர் பெயர் தெரிந்தால் பள்ளி தெரியும், பள்ளி தெரிந்தால் பிள்ளை தெரியும்.

முதலில் அந்த வகுப்பு ஆசிரியையைப் பாருங்கள். நீங்கள் மட்டும் போங்கள், பள்ளி விட்ட பிறகு. 'நீங்கள் கேட்டது தப்பு' என்று தொடங்காதீர்கள். 'நாங்கள் இப்படி வாழ்கிறோம், அவள் உங்களை அவமதிக்கவில்லை, அவளுக்கு உங்களைப் பிடிக்கும்' என்று தொடங்குங்கள். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் ஆசிரியருக்கு ஒரு பிள்ளை விலகி நிற்பது தன் வகுப்பு கைமீறுவது போலத் தோன்றும். நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். முகம் பார்த்துப் பேசினால் பாதிப் பேர் இளகிவிடுவார்கள்.

பேசியது எதுவானாலும், ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அரைப் பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு மாணவியின் பெற்றோர் நாங்கள். எங்கள் குடும்பம் எந்த மதத்தையும் பின்பற்றுவதில்லை. பள்ளியில் நடைபெறும் பூஜை, பிரார்த்தனை முதலிய வழிபாடுகளில் எங்கள் மகள் கலந்துகொள்ள நாங்கள் சம்மதம் அளிக்கவில்லை என்பதை அரசமைப்புச் சட்டப் பிரிவுகள் 25, 28 ஆகியவற்றின்படி தெரிவித்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் அவள் நூலகத்தில் அமர்ந்து படிக்க அனுமதிக்கவும், இது குறித்து மற்ற மாணவர் முன்னிலையில் அவளிடம் விளக்கம் கேட்கப்படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுகிறோம். பாடங்கள், காலை வணக்கக் கூட்டம், விளையாட்டு, ஆண்டு விழா அனைத்திலும் அவள் முழு மனதோடு பங்கேற்பாள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நீங்கள் பள்ளிக்கு எதிரி அல்ல என்பதைச் சொல்வது அதுதான். பதிவேட்டுத் திருத்தத்துக்குத் தனிக் கடிதம் கொடுங்கள், அரசாணை நகல்களோடு.

பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். முடியாமல், மறுபடியும் வகுப்பில் நிறுத்திக் கேட்டார்கள் என்றால், அப்போது விஷயம் மதத்தைத் தாண்டிவிடுகிறது. பிள்ளையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது, செய்தவர் மேல் துறை நடவடிக்கைக்கும் இடமுண்டு. மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர் என்று போகலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. நீதிமன்றம் அதற்கெல்லாம் அப்பால்தான், அந்தக் கட்டம் வந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அரசு உதவிபெறும் சிறுபான்மையினர் பள்ளியில் ஜெபக் கூட்டத்துக்கு உட்காரவைக்கப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்த வழி அப்படியே பொருந்தும். மூன்றாவது உட்பிரிவு மதம் பார்த்து மாறுவதில்லை.

கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் மகளிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால், எடுத்துவிட்டுக் கொடுங்கள்.